மேகத்தில் மாட்டிக்கொண்ட கிளைடருக்கு மலிவான கருவி எது? பட்டறைக் குறிப்புகள்

வேண்டுமென்றே மேகத்துக்குள் ஏறுபவர்களுக்காக இதை எழுதவில்லை. பிரிட்டனில் கிளைடருக்கு, அதாவது எஞ்சின் இல்லாத விமானத்துக்கு, அதற்கு அனுமதி உண்டு. தனிப் பயிற்சியும் தகுதியும் பெற்றிருக்க வேண்டும். அப்படிப் பறப்பவர்கள் கருவிக்குச் செலவழிக்கத் தயங்குவதும் இல்லை. என் கவலை வேறு. மேகத்துக்கு மேலே வெயிலில் பறந்துகொண்டிருக்கும்போது கீழே இருந்த இடைவெளி மூடிக்கொள்கிறது. இறங்க வேறு வழியில்லை. அந்தச் சில நிமிடங்களுக்கு எதைப் பார்த்து இறக்கைகளை மட்டமாக வைத்திருப்பது? முந்நூறு பவுண்டுக்குள் அதற்கு என்ன கிடைக்கும்?

நான் பறப்பது ஸ்காட்லாந்தில், லெவன் ஏரியின் கிழக்குப் பக்கம் உள்ள போர்ட்மோக் திடலில். மேற்குக் காற்று வலுத்து வீசும் நாளில் பிஷப் குன்றின் சரிவைப் பிடித்து ஏறி, அங்கிருந்து மலையலைக்குள் நுழையலாம். மலையைக் கடந்த காற்று அதன் மறுபக்கத்தில் மேலும் கீழுமாக அலையடிக்கிறது. ஏறுமுகத்தில் நின்றுவிட்டால் 10,000 அடி, 15,000 அடி என்று குலுக்கலே இல்லாமல் உயர்ந்துகொண்டே போகலாம். அலையின் முகட்டில் மேகம், பள்ளத்தில் இடைவெளி. காற்றில் ஈரம் சற்றே கூடினால் போதும், இடைவெளி காணாமற்போகும். எங்கள் பக்கத்து விமானிகளிடம் இதைப் பற்றிக் கதை கேட்டால் ஒரு மாலைப் பொழுது போதாது.

கண்ணை மூடிக்கொண்டு மட்டமாகப் பறக்க முடியும் என்று நம்புகிறவர்களுக்கு ஒரு பழைய சோதனையை நினைவூட்டலாம். 1954இல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில், கருவியை மட்டும் பார்த்துப் பறக்கும் பயிற்சி இல்லாத 20 பேரை வெளிப்பார்வை இல்லாமல் பறக்கவைத்துப் பார்த்தார்கள். இருபது பேரும் கட்டுப்பாட்டை இழந்தார்கள். சராசரியாக 178 நொடி. மிகக் குறைவு 20 நொடி, அதிகபட்சம் 480 நொடி. அது எஞ்சின் விமானம். வழவழப்பான கண்ணாடியிழைக் கிளைடரின் மூக்கு தாழ்ந்தால் வேகம் ஏறும் விதமே வேறு. மீறக்கூடாத வேக வரம்பைத் தொட அதிக நேரம் பிடிக்காது.

முதலில் செல்போனை ஒதுக்கிவிடுகிறேன். வெளியே தெரியாத அடிவானத்தைத் திரையில் கோடாக வரைந்து விமானத்தின் சாய்வைச் சொல்வது செயற்கை அடிவானம். அதைக் காட்டும் செயலிகள் ஏராளம். மேசைமேல் வைத்துச் சாய்த்துப் பார்த்தால் அழகாகத்தான் இருக்கின்றன. சீராகத் திரும்பும் விமானத்தில் கதை மாறுகிறது. அங்கே புவியீர்ப்பும் திருப்பத்தின் முடுக்கமும் சேர்ந்து, எடை எப்போதும் இருக்கையை நோக்கி நேராகவே அழுத்துவதாகத் தோன்றும். 45 டிகிரி சாய்ந்து சுற்றினாலும் ஊசற்குண்டு இருக்கைக்கு நேராகத்தான் தொங்கும். முடுக்கத்தை அளக்கும் சிப்பை, அதாவது முடுக்கமானியை, மட்டும் நம்பும் கருவிக்கும் அதே ஏமாற்றம்தான். "எல்லாம் மட்டம்" என்று சொல்லிக்கொண்டே நம்மை, சுற்றிக்கொண்டே கீழே பாயும் சுருள் பாய்ச்சலுக்குள் கொண்டுபோகும்.

ஆகவே ஜைரோ வேண்டும். ஜைரோ சிப், விமானம் சுழலும் வேகத்தை அளக்கிறது. அதைக் கூட்டிக்கொண்டே போனால் சாய்வுக் கோணம் கிடைக்கும். கூட்டும்போது சிறு பிழைகளும் சேர்ந்துகொண்டே வரும். அவற்றைத் திருத்த மறுபடியும் முடுக்கமானியிடம்தான் போக வேண்டும். எஞ்சின் விமானத்தில் இது பெரிய சிக்கலில்லை: பெரும்பாலும் நேராகப் பறக்கிறது, திரும்பினால் நொடிக்கு 3 டிகிரி, சிறிது நேரத்தில் மறுபடியும் நேர். கிளைடர் பறப்பதோ வட்டத்தில். மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் 45 டிகிரி சாய்ந்து சுற்றினால் வட்டத்தின் ஆரம் 80 மீட்டருக்கும் குறைவு. ஒரு சுற்று 18 நொடி, அதாவது நொடிக்கு 20 டிகிரி. தெர்மலில், அதாவது சூடாகி மேலெழும் காற்றில், பத்து நிமிடம் அப்படியே சுற்றிக்கொண்டிருப்போம். எஞ்சின் விமானத்தை மனத்தில் வைத்துச் செய்த கருவி அந்தப் பத்து நிமிடத்தில், சாய்வையே மட்டம் என்று பழகிக்கொள்ளும். பழைய சுழல்சக்கர அடிவானக் கருவிகளுக்கும் இந்த நோய் கொஞ்சம் உண்டு. அவற்றையும் புவியீர்ப்பை வைத்துத்தான் மெல்ல மெல்ல நிமிர்த்துகிறார்கள்.

எனவே கருவி வாங்கும்போது கேட்க வேண்டிய முதல் கேள்வி, திரையின் அழகு பற்றியதல்ல: நீண்ட திருப்பத்தின் முடுக்கத்தை இது எதைக் கொண்டு கழிக்கிறது? கழிக்க வேண்டிய அளவு எளிது: வேகம் பெருக்கல் திரும்பும் வீதம். திரும்பும் வீதத்தை ஜைரோ தருகிறது. வேகத்தை யார் தருவது என்பதில்தான் கருவிக்குக் கருவி வேறுபாடு.

இதைச் சோதிக்க ஒரு பெட்டி செய்தேன். ராஸ்பெரி பை என்ற சிறு கணினிப் பலகை, ஜைரோவும் முடுக்கமானியும் அடங்கிய எம்பியு-9250 சிப், ஜிபிஎஸ், சிறிய திரை. சிப் பத்து பவுண்டுக்குள். மொத்தமும் சேர்த்து நூறைத் தாண்டவில்லை. ஒரே சிப்பின் அளவுகளை மூன்று கணக்குகளுக்கு ஒரே நேரத்தில் ஊட்டினேன். முதல் கணக்கில் திருத்தமே இல்லை. இரண்டாவது, ஜிபிஎஸ் தரும் தரைவேகத்தைக் கொண்டு திருத்துவது. மூன்றாவதைப் பார்த்தால் சோம்பேறித்தனமாகத் தோன்றும்: வேகம் எப்போதும் 50 நாட் (மணிக்குச் சுமார் 93 கிலோமீட்டர்) என்றே வைத்துக்கொள்வது. கிளைடர் வட்டமிடும் வேகம் ஏறக்குறைய அதுதான். வேகம் பத்து சதவீதம் தவறினாலும் 45 டிகிரி சாய்வில் வரும் பிழை ஆறு டிகிரிக்குள் அடங்கிவிடும்.

தரையில் சோதிக்க விமானம் தேவையில்லை, கார் போதும். திடலின் ஓரத்தில் அனுமதி வாங்கி, 20 மீட்டர் கயிற்றால் ஒரு வட்டம் குறித்துக்கொண்டு, மணிக்கு 25 கிலோமீட்டரில் சுற்றினோம். ஒரு சுற்று 18 நொடி, கிளைடர் சுற்றும் அதே வீதம். கார் சாய்வதில்லை, ஆகவே நல்ல கருவி மட்டமாகவே காட்ட வேண்டும். திருத்தமில்லாத கணக்கு மெல்லச் சரிந்து வெளிப்பக்கமாக 14 டிகிரியில் போய் நின்றது. காகிதத்தில் போட்ட கணக்கும் அதையே சொல்லியிருந்தது. செல்போன் செயலியும் அங்கேயே போய்ச் சேர்ந்தது. ஜிபிஎஸ் திருத்தம் கிட்டத்தட்ட மட்டம். 50 நாட் கணக்கு மட்டும் தலைகீழாக உளறியது. கார் 50 நாட்டில் போகவில்லையே. காருக்காக அந்த எண்ணை மாற்றியதும் அதுவும் மட்டத்துக்கு வந்தது. யாராவது "மலிவான ஏஎச்ஆர்எஸ்" என்று, அதாவது சாய்வையும் திசையையும் காட்டும் மின்னணுக் கருவி என்று, ஒன்றை உங்களிடம் விற்க வந்தால், பணம் கொடுக்கும் முன் இப்படி ஒரு கார் வட்டம் போட்டுப் பாருங்கள். பெரும்பாலானவற்றின் குட்டு அங்கேயே வெளிப்பட்டுவிடும்.

அடுத்து இரட்டை இருக்கைக் கிளைடரில், தெளிவான வானில், பயிற்றுநர் முன்னால் ஓட்ட, நான் பின்னால் பெட்டியோடு உட்கார்ந்தேன். அன்று காற்று பலமாக இருந்தது. அதுதான் எனக்கும் வேண்டியிருந்தது. திருத்தமில்லாத கணக்கு எதிர்பார்த்தபடியே இரண்டு நிமிடச் சுற்றலில் மட்டத்தை நோக்கிச் சரிந்தது. நேராக்கியதும் எதிர்ப்பக்கம் சாய்ந்திருப்பதாகச் சொன்னது. காரில் மிக நன்றாக நடந்துகொண்ட ஜிபிஎஸ் கணக்கு இங்கே ஒவ்வொரு சுற்றிலும் ஆடியது. காற்றுக்கு எதிராகத் திரும்பும் பாதியில் தரைவேகம் குறைகிறது, காற்றோடு போகும் பாதியில் கூடுகிறது. காற்றைச் சார்ந்து கிளைடர் போகும் வேகம், அதாவது காற்றுவேகம், மாறவேயில்லை; கருவிக்கு அது தெரியாது. 50 நாட் என்று பிடிவாதமாக நின்ற கணக்குதான் மூன்றிலும் நன்றாக இருந்தது.

மலையலையில் இந்த ஆட்டம் வெறும் ஆட்டமாக நிற்காது. உயரத்தில் 40 நாட் காற்று, அதற்கு எதிராக 50 நாட்டில் மூக்கை நீட்டிக்கொண்டு நிற்கிறோம். தரைவேகம் 10 நாட். ஜிபிஎஸ் காட்டும் திசைக்கும் மூக்கு பார்க்கும் திசைக்கும் நேர் உறவு கிடையாது. காற்று இன்னும் கொஞ்சம் வலுத்தால் பின்னோக்கிப் போவதாகக்கூடக் காட்டும். அந்த நிலையில் 30 டிகிரி சாய்ந்து திரும்பத் தொடங்கினால், கழிக்க வேண்டிய முடுக்கத்தில் ஐந்தில் ஒரு பங்கைத்தான் ஜிபிஎஸ் கணக்கு கழிக்கும். முடுக்கமானியின் இழுப்புக்கு அது முழுதாக உடன்பட்டுப்போனால், 30 டிகிரி இருக்கும் இடத்தில் 5 டிகிரி காட்டும். மேகம் நம்மைப் பிடிக்க வாய்ப்புள்ள இடமும், ஜிபிஎஸ் அடிவானம் கைவிடும் இடமும் ஒன்றாகவே அமைந்திருப்பதுதான் எங்கள் ஊர் விசேஷம். பாதையின் திசைவேகத்தை அதன் திசையோடு சேர்த்து, நொடிக்குப் பல முறை எடுத்து, அதன் மாற்றத்தைக் கணக்கிடும் கருவிகள் இதில் தப்பிக்கும். சீரான காற்று அந்த மாற்றத்தில் தானாகவே கழிந்துவிடும். எந்தக் கருவி எந்த முறையைப் பயன்படுத்துகிறது என்பதை விளம்பரத்தாளில் யாரும் எழுதுவதில்லை.

எதிர்வரும் காற்றின் அழுத்தத்தைப் பிடிக்கும் பிட்டோ குழாயிலிருந்து காற்றுவேகத்தை நேரடியாக எடுக்கும் கருவிதான் சரியான விடை. பணம் இருப்பவர்கள் அதோடு நிறுத்திக்கொள்ளலாம். ஏறும் இறங்கும் வீதத்தைக் காட்டும் கருவியான வேரியோவில் இப்போது வரும் மின்னணு வகைகள் சிலவற்றில், எல்எக்ஸ்நாவ் நிறுவனத்தின் எஸ் வரிசை போன்றவற்றில், செயற்கை அடிவானத்தைக் கட்டணம் செலுத்தித் திறந்துகொள்ளலாம். வேரியோவுக்கு பிட்டோவும் நிலையழுத்தக் குழாயும் ஏற்கெனவே வருகின்றன, ஆகவே வேகம் அதற்குத் தெரியும். அப்படியொன்று உங்கள் கிளைடரில் பொருத்தியிருந்தால், வேறெதையும் தேடாமல் அதைத் திறப்பதே சிக்கனம். டைனான் நிறுவனத்தின் சட்டைப்பை அளவு அடிவானக் கருவி குழாய் இணைப்பில்லாமல் ஜிபிஎஸ் துணையோடு ஓடுவது. மாட்டக் கழற்ற எளிது, ஆனால் என் பணப்பைக்கு எட்டாதது. ராணுவ உபரியாக வரும் பழைய மின் அடிவானங்கள் மலிவு என்று சிலர் சொல்வார்கள். பலவற்றுக்கு 115 வோல்ட், 400 ஹெர்ட்ஸ், மூன்று கட்ட மின்சாரம் வேண்டும். 12 வோல்ட் பேட்டரியிலிருந்து அதை உண்டாக்கும் இன்வெர்ட்டரின் எடை, சத்தம், மின்தீனி எல்லாவற்றையும் கூட்டினால் மலிவு எங்கே போனதென்று தெரியாது.

இந்தக் கட்டத்தில் பெட்டியைச் சமையலறை உறைபெட்டிக்குள் வைத்தேன். 15,000 அடியில் வழக்கமான வெப்பநிலை மைனஸ் 15 டிகிரி. வீட்டு உறைபெட்டி மைனஸ் 18. நல்ல பொருத்தம். அசையாமல் கிடக்கும் ஜைரோ சுழியம் காட்ட வேண்டும். குளிரக் குளிர, நொடிக்கு ஒரு டிகிரிக்கு மேல் தானாகச் சுழல்வதாகச் சொல்லத் தொடங்கியது. மலிவு சிப்புகளின் இயல்பு இது. நொடிக்கு ஒரு டிகிரி என்றால், திருத்தமில்லாமல் விட்டால் ஒரு நிமிடத்தில் அடிவானம் 60 டிகிரி சாய்ந்துவிடும்.

அந்த எண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் விஷயத்தை வேறு பக்கமிருந்து பிடிக்கத் தோன்றியது. அடிவானம் வரைய, சுழல் வீதத்தைக் கூட்டுகிறோம்; அதனால் பிழையும் கூடுகிறது. கூட்டாமல், வீதத்தையே ஒரு முள்ளாகக் காட்டினால்? பழைய காக்பிட்களில் இருக்கும் திருப்பமுள் அதைத்தான் செய்கிறது. நொடிக்கு ஒரு டிகிரி பிழையோடு முள்ளை நடுவில் வைத்துப் பறந்தால், உண்மையில் நொடிக்கு ஒரு டிகிரி திரும்பிக்கொண்டிருப்போம். மணிக்கு 100 கிலோமீட்டரில் அதற்கான சாய்வு 3 டிகிரிகூட இல்லை. ஒரு முழு வட்டத்துக்கு ஆறு நிமிடம். மேகத்திலிருந்து கீழே விழுந்து வெளியேற அது தாராளம். அடிவானத்தைக் கொன்ற அதே பிழை, முள்ளில் கண்ணுக்கே படாது. காற்றுவேகம் தெரிய வேண்டாம், ஜிபிஎஸ் வேண்டாம், மலையலையின் தொல்லை இல்லை, பத்து நிமிடம் சுற்றிவிட்டு வந்தாலும் பழைய கணக்கு எதுவும் அதன் தலையில் ஏறி நிற்காது.

பெட்டியின் நிரலை மாற்றினேன். திரையின் மேல் பாதி முழுவதும் ஒரு தடித்த முள். அடிவானம் கீழே சிறிதாக. முள்ளின் அளவீட்டைச் சரிபார்க்க இசைத்தட்டு இயந்திரம் உதவியது: நிமிடத்துக்கு 33⅓ சுற்று என்பது நொடிக்கு மிகச் சரியாக 200 டிகிரி.

பெட்டி ஓடினாலும், உயிரை முழுதாக அதன் மென்பொருளிடம் ஒப்படைக்க எனக்கு மனமில்லை. தொடங்க அரை நிமிடம் எடுக்கும் கணினியை, மேகம் மூடும் நேரத்தில் தட்டி எழுப்பிக்கொண்டிருக்க முடியாது. எனவே பழைய மின் திருப்பமுள் ஒன்றைத் தேடினேன். 57 மில்லிமீட்டர் துளையில் பொருந்தும் ஜெர்மன் தயாரிப்புகள் கிளைடர்க்காரர்களிடையே கைமாறிக்கொண்டே இருக்கின்றன. எனக்கு இருநூறு பவுண்டுக்குள் கிடைத்தது. உள்ளே ஒரே அச்சில் மட்டும் சாயக்கூடிய சுழல்சக்கரம், ஒரு ஸ்பிரிங், ஒரு அதிர்வடக்கி, அவ்வளவுதான். அடிவானக் கருவியைப் போல இது கவிழ்ந்து செயலிழக்காது.

பழையதை வாங்குபவர்கள் பார்க்க வேண்டியவை சில. மின்சாரம் கொடுத்து, காதோடு வைத்துக் கேளுங்கள். சீரான முனகல் நல்லது, கரகரப்பு என்றால் பேரிங் போய்விட்டது. நிறுத்தியபின் சக்கரம் எவ்வளவு நேரம் ஓடி ஓய்கிறது என்பதும் பேரிங்கின் ஆரோக்கியத்தைச் சொல்லும். பிறகு சுழல் நாற்காலியில் கருவியோடு உட்கார்ந்து, கையில் நிறுத்துக் கடிகாரத்துடன் ஒருவரைச் சுற்றிவிடச் சொல்லுங்கள். ஒரு சுற்று இரண்டு நிமிடம் என்றால் நொடிக்கு 3 டிகிரி; 18 நொடி என்றால் கிளைடரின் செங்குத்தான வட்டம். எஞ்சின் விமானத்துக்கு அளவிட்ட முள் இரண்டாவது வேகத்தில் ஓரத்தில் போய் முட்டிக்கொண்டு நிற்கும். நேராகப் பறந்து வெளியேற அதுவும் போதும், வட்டமிட உதவாது. இன்னொன்று: சில கருவிகளில் கூட்டல் கழித்தல் கம்பிகளை மாற்றிக் கொடுத்தால் சக்கரம் எதிர்த்திசையில் சுழன்று, முள் இடத்தை வலமாகவும் வலத்தை இடமாகவும் காட்டும். பொருத்தியபின் மூக்கை இடப்பக்கம் தள்ளிப் பார்த்து உறுதிசெய்துகொள்ளாமல் பறக்கக் கூடாது. நாற்காலிச் சோதனைக்குப் பிறகு உறைபெட்டிச் சோதனை. அதிர்வடக்கி குளிரில் இறுகினால் முள் சோம்பிவிடும். என்னுடையது கொஞ்சம் மந்தமானது, ஆனால் ஓடியது.

மின்தீனியை மீட்டரில் பார்த்தேன்: 0.15 ஆம்பியருக்கு அருகில். 7 ஆம்பியர்-மணி பேட்டரிக்கு இது பெரிய சுமையில்லை. ஆனாலும் தனி ஃப்யூஸ், தனி சுவிட்ச். கருவிப் பலகையில் துளையிடுவது, கம்பியிழுப்பது எல்லாம் எங்கள் கிளைடர் ஆய்வாளரின் கண் முன்னால், அவர் கையெழுத்தோடு. பெட்டி மட்டும் ஒட்டுப்பட்டையில், கழற்றக்கூடியதாக. பக்கவாட்டுச் சறுக்கலுக்குத் தனிக் கருவி தேடவில்லை: காக்பிட் மூடியின் வெளியே ஒட்டியிருக்கும் கம்பளி நூல், பனி பிடிக்காதவரை மேகத்துக்குள்ளும் வேலை செய்கிறது.

கருவிக்குச் செலவழிக்கும் முன் செலவே இல்லாத ஒரு சோதனையையும் செய்துவிட வேண்டும். சில கிளைடர்கள், இறக்கையில் எழுந்து வேகத்தை அடக்கும் ஏர்பிரேக்கைத் திறந்து, மூக்கின் நிலையைப் பிடித்துவைக்கும் ட்ரிம்மைப் பின்னால் வைத்து, கையையும் காலையும் எடுத்துவிட்டால், தாங்களாகவே ஒரு நிதானமான சுருளில் அமர்ந்து இறங்கும். சில அமராது, வேகம் ஏறிக்கொண்டே போகும். உங்கள் கிளைடர் எந்த ரகம் என்பதை உயரமும் தெளிவான வானமும் இருக்கும் நாளில், பயிற்றுநரைக் கலந்துகொண்டு பார்த்துவையுங்கள். எப்படியானாலும் ஏர்பிரேக்கை மேகத்துக்குள் நுழையும் முன்பே திறந்துவிட வேண்டும். கட்டுப்பாடு போனபிறகு திறப்பது வேறு கதை. ஏர்பிரேக் எல்லாவற்றையும் காப்பாற்றிவிடும் என்றும் நினைக்க வேண்டாம். ஐரோப்பிய விதியான சிஎஸ்-22, மேகப் பறத்தலுக்கோ சாகசத்துக்கோ அனுமதி பெற்ற கிளைடர்களிடம்தான் 45 டிகிரிப் பாய்ச்சலில் வேக வரம்பு மீறாமல் பிடிக்கும் ஏர்பிரேக்கைக் கேட்கிறது. மற்றவற்றுக்கு 30 டிகிரி போதும். கீழே குன்று எவ்வளவு உயரம், மேகத்தின் அடி எவ்வளவு உயரம் என்பது தெரியாமல் இறங்கினால் எந்த முள்ளாலும் பயனில்லை.

முள்ளுக்கு ஒரு குறை உண்டு, மறைக்க மாட்டேன். அடிவானத்தைப் பார்த்தவுடன் புரியும். முள்ளைப் பழக வேண்டும். பயந்துபோன மூளைக்கு அடிவானம்தான் எளிது. இரட்டை இருக்கைக் கிளைடரில் ஒருவர் வெளியே பார்த்துக்கொள்ள, மற்றவர் பார்வையை மறைத்துக்கொண்டு பழகியபோது, வேகம் ஏறியதும் கை தானாகக் கட்டுப்பாட்டுக் குச்சியைப் பின்னால் இழுக்கப் போனது. திருப்பத்தில் இழுத்தால் சுருள் இன்னும் இறுகும். முதலில் முள்ளை நடுவுக்குக் கொண்டுவந்து, அதன்பிறகே வேகத்தைத் திருத்த வேண்டும். இந்த வரிசை கைக்கு வரும்வரை பயிற்றுநர் விடவில்லை. பிட்டோ இணைத்த அடிவானத்துக்குப் பணம் சேர்ந்தால் அதையும் வாங்குவேன். அப்போதும் முள் அதன் துளையிலேயே இருக்கும்.

போட்டிகளுக்குப் போகிறவர்கள் ஒன்றைக் கவனிக்கவும். சர்வதேசப் போட்டி விதிகளின்படி, தரையைப் பார்க்காமல் பறக்க உதவும் கருவிகளைக் கிளைடரில் வைத்திருக்கவே கூடாது. என் பெட்டியைப் பிய்த்தெடுத்துக் காரில் போட்டுவிடலாம். முள்ளைப் பலகையிலிருந்து கழற்ற நான்கு திருகுகள், ஒரு மின்செருகி. வெற்றுத் துளையை மூட ஆய்வாளர் அலுமினியத் தகடு ஒன்று வெட்டித் தந்திருக்கிறார்.